மூன்று தலைமுறையின் வேலைக் கதையை வீட்டிலேயே கேட்டு எழுதுவது எப்படி

"இப்பத்தப் பொடியன்களுக்கு உடம்பு வளையாது" என்று எங்கள் அம்மா சொல்லாத வாரம் இல்லை. இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டில் அவர் விடிய நாலரைக்கு எழும்பி முற்றம் கூட்டி, கோழிக்குத் தீன் போட்டு, தேத்தண்ணியும் குடித்து முடித்திருப்பார், தம்பியின் மகன் பத்து மணிக்கும் போர்வைக்குள் கிடப்பான். அவன் கனடாவில் உள்ள ஒரு கடைக்குப் படம் வரைந்து கொடுக்கிறான், அங்கே பகல் என்றால் இங்கே இரவு, அதனால் படுக்கவே விடியச்சாமம் ஆகிவிடும். இதை நூறு முறை சொல்லியாயிற்று. ஆனாலும் அம்மாவுக்கு வேலை என்றால் வெயில் ஏறுமுன் தொடங்குவதுதான்.

இந்தச் சண்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அதை நிறுத்த நான் வழி சொல்லப் போவதில்லை. ஆனால் அது எங்கே இருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, வீட்டில் உள்ள மூன்று தலைமுறையிடமும் அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டு எழுதி வைப்பது. நான் இரண்டு வருடமாக எங்கள் வீட்டிலும், பிறகு அம்பாறைப் பக்கம் தெரிந்த மூன்று வீடுகளிலும் இதைச் செய்து வருகிறேன். செய்யும்போது எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு தாள்

கேள்வியோடு போய் உட்காராதீர்கள், தாளோடு போங்கள். ஒரு ஃபுல்ஸ்கேப் தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். இடப் பக்கம் நாட்டில் நடந்தது, வலப் பக்கம் ஊரில் நடந்தது, நடுவில் வெறுமையாக விடுங்கள், அதுதான் வீட்டுக்குரிய இடம்.

வலப் பக்கம் ஏன் தேவை என்றால், எங்கள் பெரியவர்கள் யாரும் வருடக் கணக்கில் ஞாபகம் வைத்திருக்கவில்லை. "எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தீங்கள்?" என்று கேட்டால் முகட்டைப் பார்ப்பார்கள். "சூறாவளிக்கு முந்தியா, மறுகாவா (பிறகா)?" என்று கேட்டால் உடனே பதில் வரும். 1957 டிசம்பர் பெருவெள்ளம், 1978 நவம்பர் 23 சூறாவளி, 1990 ஜூனில் மறுபடி தொடங்கிய சண்டை, 2004 டிசம்பர் 26 சுனாமி, 2007இல் கிழக்கில் யுத்தம் ஓய்ந்தது, 2022இல் பெட்ரோலும் காஸும் இல்லாமல் போனது. இந்த ஆறும் போதும். கடலோர ஊர் என்றால் சுனாமியும், தென்னந்தோட்டம் உள்ள ஊர் என்றால் சூறாவளியும் தானாகவே வாயில் வரும்.

இடப் பக்கம் எழுதவேண்டியவை: 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி. 1949இல் அணைகட்டிக் குடியேற்றம் செய்த கல்லோயா அபிவிருத்திச் சபை. 1956இல் சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம். 1958இல், அடுத்தவர் காணியில் செய்கை பண்ணும் வயற்காரருக்குப் பாதுகாப்புக் கொடுக்க வந்த நெற்காணிச் சட்டம். 1970களின் தொடக்கத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடும் பல்கலைக்கழகத் தரப்படுத்தலும். 1977இல் திறந்த பொருளாதாரம். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகச் சட்டம். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை. கதை கேட்கப் போகுமுன் இவற்றை ஒருமுறை வாசித்துக்கொண்டு போங்கள், ஆனால் கேட்கும்போது வாயில் எடுக்க வேண்டாம். "திறந்த பொருளாதாரம் உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது?" என்று ஒரு மூத்தம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வார், பாவம். "முதல் முதல் வீட்டுக்கு ரேடியோ எப்ப வந்த?" என்று கேளுங்கள். பதிலை எந்த வருடத்துக்கு நேரே எழுதுவது என்று பிறகு நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே, எப்போது

சாப்பிட்டு முடித்துக் கதிரையில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே போனைப் பிடித்தால் கதை வராது. பெரியவர்கள் அதை விசாரணை என்று நினைப்பார்கள், எங்கள் மாவட்டத்தில் விசாரணை என்ற சொல்லுக்கு நல்ல ஞாபகம் எதுவும் கிடையாது. கையில் ஒரு வேலை இருக்கும் நேரம்தான் நல்ல நேரம். வெங்காயம் உரிக்கும்போது, மீன் வெட்டும்போது, கிடுகு பின்னும்போது. நானும் கூட உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே கேட்டேன், போனைச் சுளகுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தேன். பதிவு செய்கிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் செய்வது களவு.

ஒரு இருப்பில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். வைகாசியில் கண்ணகியம்மன் சடங்கு நடக்கும் நாட்களில் தொடங்காதீர்கள், ஆட்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள். அறுவடை நேரமும் அப்படித்தான். மழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மத்தியானங்கள் மிகவும் நல்லவை.

நாளில் இருந்து தொடங்குங்கள்

முன்னேற்றம், பெருமை, உழைப்பு என்ற சொற்களை நீங்களாக எடுக்காதீர்கள். எடுத்தால் மேடைப் பேச்சு வரும், "நாங்கள் கஷ்டப்பட்டோம், நீங்கள் சொகுசாக இருக்கிறீர்கள்" என்று முடியும். அதற்குப் பதிலாக ஒரு நாளைக் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினீங்கள், என்ன சாப்பிட்டுப் போனீங்கள், எதில் போனீங்கள், போன இடத்தில் உங்களை எப்படிக் கூப்பிட்டார்கள், வரும்போது கையில் என்ன கொண்டு வந்தீங்கள்.

கடைசி இரண்டையும் விட்டுவிடாதீர்கள். எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதில் மரியாதை இருக்கிறது, என்ன கொண்டு வந்தார்கள் என்பதில் கூலி இருக்கிறது.

எங்கள் அம்மப்பாவிடம் நான் எதையுமே கேட்கவில்லை, அவர் இருக்கும்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. அது எனக்கு இன்றும் தீராத மனவருத்தம். ஆகவே அவருடைய நாளை அம்மாவிடம்தான் கேட்டேன். இறந்தவரைப் பற்றிக் கேட்பதென்றால் "அம்மப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்காதீர்கள், "நல்லவர்" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். "அம்மப்பா வயலால வந்தா முதல்ல என்ன செய்வார்?" என்று கேட்டேன். அம்மா உரித்த இறாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுகா சொன்னார், "கால் கழுவ மாட்டார்கா. சேறு காய்ஞ்சு வெடிச்ச காலோடதான் திண்ணையில இருப்பார். ஆராவது வந்து பாத்திட்டுப் போன மறுகாதான் கழுவுவார்."

இதை நான் எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அம்மப்பா போடியார் இல்லை, அதாவது பெரிய வயற்சொந்தக்காரர் இல்லை. போடியாரின் காணியில் செய்கை பண்ணிய வயற்காரன். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரையில் இருந்து குறுமண்வெளித் துறையில் தோணியேறி, மண்டூரில் இறங்கி, மேற்கே உள்ள படுவான்கரை வயலுக்கு நடந்து போவார், போனால் கிழமைக் கணக்கில் வயல் குடிசையில், வாடியில் படுத்து எழும்புவார். அவருக்குச் சொந்தமாக இருந்தது நெல் அளக்கும் ஒரு மரைக்காலும் இரண்டு மண்வெட்டியும்தான். ஆனால் அந்தச் சேறு காய்ந்த கால் அவருக்கு ஒரு பட்டம் மாதிரி, ஊர் பார்க்க வேண்டும். களத்தில் நெல்லை நெல் என்று சொல்ல மாட்டார்கள், பொலி என்பார்கள், பொலி பொலி என்று பாடித்தான் சூடு மிதித்து நெல்லைப் பிரிப்பார்கள், களத்துக்குள் செருப்போடு போக முடியாது. அந்தத் தலைமுறைக்கு வேலை என்பது பாதிச் சம்பாத்தியம், பாதி வழிபாடு.

அதே அம்மப்பாதான் தன் மகனிடம், எங்கள் மாமாவிடம், "நீ சேத்துக்குள்ள கால் வைக்கப்படாது" என்று சொல்லி, வயலுக்கு வந்தால் அடித்துக் கலைத்தாராம். இரண்டும் ஒரே மனிதர். இரண்டையும் எழுதுங்கள், ஒன்றை வெட்டி மற்றதை மட்டும் வைக்காதீர்கள்.

பெருமையைத் தேடி வெட்கத்தைக் கேட்பது

நான் கண்டுபிடித்ததில் ஆகப் பயனுள்ள கேள்வி இது: "வேலை விஷயத்தில நீங்க வெட்கப்பட்ட ஒரு நாளச் சொல்லுங்க." பெருமையைக் கேட்டால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள், நேர்மையாக இருந்தேன், யாரிடமும் கைநீட்டவில்லை என்று. வெட்கம் ஆளுக்கு ஆள் வேறு, காலத்துக்குக் காலம் வேறு. ஒருவர் எதற்குக் கூசினார் என்று தெரிந்தால் அவருடைய பெருமை எங்கே இருந்தது என்று சரியாகத் தெரிந்துவிடும்.

அப்பா எழுதுவினைஞர். நம் ஆட்களின் பேச்சில் கிளாக்கர். "கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" என்று, அதாவது எந்த வேலையானாலும் அரசாங்க வேலையாக இருக்க வேண்டும் என்று, ஊர் முழுக்கச் சொல்லிய காலம் அது. இலவசக் கல்வி வந்து, காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1929இல் கல்லடி உப்போடையில் தொடங்கிய சிவானந்த வித்தியாலயம் மாதிரிப் பள்ளிக்கூடங்களில் வயற்காரன் பிள்ளையும் படிக்கக் கிடைத்து, படித்த பிள்ளை வெள்ளைச் சேர்ட்டோடு கந்தோருக்கு (அலுவலகத்துக்கு) போவதுதான் முன்னேற்றம் என்று ஒரு தலைமுறையே நம்பியது. நம்பியதில் பிழையும் இல்லை. மாதம் முடிந்தால் சம்பளம், வயது போனால் பென்சன், மாப்பிள்ளை பேசினால் தலை நிமிர்ந்து சொல்ல ஒரு தொழில்.

1956க்குப் பிறகு அந்த வெள்ளைச் சேர்ட்டில் ஒரு கறை விழுந்தது. தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும், இல்லாவிட்டால் சம்பள உயர்வு நிற்கும். கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் பரீட்சைக்கே போகமாட்டேன் என்று நின்று, உயர்வை நிறுத்தியதற்கு அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டு, அது 1969இல், அப்போது எங்களுக்குக் கடைசி மேல்நீதிமன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்பா வழக்குப் போடவில்லை. நாலு பிள்ளைகள். பரீட்சைக்குப் போனார்.

வெட்கத்தைக் கேட்டபோது அவர் சொன்னது அந்த நாளைத்தான். பரீட்சை நடந்தது ஒரு பள்ளிக்கூடத்தில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கும் வாங்கும் மேசையும். நாற்பதை நெருங்கிய மனிதருக்கு முழங்கால் மேசைக்குக் கீழே போகவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். "எழுத்துப் பிழைச்சிடும் எண்டு பயமில்ல மகள். ஆராவது ஜன்னலால பாத்திடுவாங்களோ எண்டுதான் பயம்." பாஸ் பண்ணினார். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அம்மாவுக்கே அந்தக் கதை நான் பதிவு செய்த அன்றுதான் தெரியும், அவர் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மப்பா ஊர் பார்க்க வேண்டும் என்று கால் கழுவாமல் இருந்தார், அப்பா யாரும் பார்க்கக் கூடாது என்று பயந்தார். இடையில் இருபது வருடம்தான். தாளின் இடப் பக்கத்தில் 1956 என்று எழுதியிருந்ததற்கு நேரே நடுப் பக்கத்தில் "சின்ன மேசை" என்று எழுதினேன்.

பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்

ஞாபகம் வறண்டால் சாமான்களைக் கேளுங்கள். பழைய பாஸ்போட், நியமனக் கடிதம், கூப்பன் புத்தகம், அடையாள அட்டை, கலியாணப் படம், நெல்லு அளந்த மரைக்கால், தறியின் நாடா. ஒரு சாமானைக் கையில் கொடுத்தால் அரை மணித்தியாலம் கதை வரும். கையில் வாங்கியதும் நீங்கள் பேசாமல் இருங்கள், அது முக்கியம்.

எங்கள் சித்தியின் கதை அவருடைய பாஸ்போட்டில் இருந்துதான் வந்தது. 1988இல் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார். அனுப்பிய ஏஜென்சிக்காரர் ஒரு சம்பளம் சொன்னார், அங்கே கிடைத்தது இன்னொன்று. எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், தமிழரிலும் முஸ்லிம்களிலும் அப்படித்தான், மகளுக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. கிழக்கில் இருந்து இத்தனை பெண்கள் வளைகுடாவுக்குப் போனதன் பின்னால் இந்த வீடு இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வறுமை எல்லா மாவட்டத்திலும் உண்டு, மகளுக்கு வீடு என்ற கடன் இங்கே கொஞ்சம் கூடுதலாக அழுத்தும்.

1990 ஓகஸ்டில் ஈராக் படை குவைத்துக்குள் வந்தது. சித்தி மற்றவர்களோடு ஜோர்தான் வழியாகத் தப்பி, கையில் ஒரு துணிப் பையோடு வந்து சேர்ந்தார். வந்து பார்த்தால் இங்கே ஜூனில் தொடங்கிய சண்டை, வீட்டாக்கள் அகதி முகாமில். அவர் வாங்கி அனுப்பிய சீமெந்து மூடைகள் அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கல்லாக இறுகிக் கிடந்தன. "வெட்கப்பட்ட நாள்" என்று கேட்டதற்கு அவர் சொன்னது குவைத்தில் பட்டதை அல்ல. முகாமுக்குள் போகும்போது எல்லாரும் அவருடைய பையைப் பார்த்ததைத்தான் சொன்னார், வெளிநாட்டால் வந்தவள் பை இவ்வளவுதானா என்று. பாஸ்போட்டின் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

பெண்களின் வேலையைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று இதில்தான் படித்தேன். "நீங்க என்ன வேலை செய்தீங்க?" என்று கேட்டால் "நான் என்ன வேலை, வீட்டிலதான்" என்று சொல்லும் அம்மா, வைக்கோல் கட்டி விற்றிருக்கிறார், பாய் இழைத்திருக்கிறார், சீட்டுப் பிடித்திருக்கிறார், சூறாவளிக்குப் பிறகு விழுந்த தென்னைகளின் ஓலையை வாரக் கணக்கில் கிடுகாகப் பின்னி வீட்டுக்குக் கூரை போட்டிருக்கிறார். ஆகவே "வேலை" என்ற சொல்லை விட்டுவிட்டு "வீட்டுக்குக் காசு எந்தெந்த வழியால வந்த?" என்று கேளுங்கள்.

பக்கத்து ஊருக்கும் போங்கள்

வீட்டோடு நின்றால் நாட்டைப் பற்றிப் பிழையான முடிவுக்கு வந்துவிடுவீர்கள். ஒரே சட்டம், ஒரே ஆண்டு, மூன்று ஊரில் மூன்று விதமாக இறங்கும், அம்பாறை மாவட்டத்தைப் போல இது தெளிவாகத் தெரியும் இடம் நாட்டில் வேறு இருக்காது.

கல்லோயாவை எடுங்கள். இங்கினியாகலையில் அணை, சேனநாயக்க சமுத்திரம், சுதந்திரம் கிடைத்த கையோடு நாடு தன் பெருமையைக் காட்டக் கட்டிய முதல் பெரிய திட்டம். வெளி மாவட்டங்களில் இருந்து குடியேறி முதல் முறையாகத் தன் பெயரில் காணி கண்ட ஒரு சிங்கள விவசாயிக்கு அது வாழ்க்கையே திறந்த நாள். கரையோரத் தமிழ், முஸ்லிம் வீடுகளில் அதே திட்டத்தைக் கேட்டால் நிலம் கை மாறியது, 1956இல் கல்லோயாவில் நடந்த கலவரம், 1961இல் மட்டக்களப்பில் இருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமானது என்றுதான் தொடங்குவார்கள். முன்னேற்றம் என்ற ஒரே சொல்லுக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பயம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு எழுதினால் அது பாதிக் கதை.

மருதமுனைக்குப் போனால் தறி. 1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டுத் துணி வராத காலத்தில் கைத்தறிக்கு நல்ல கிராக்கி. நான் கேட்ட ஒரு வீட்டில் வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும் மாறி மாறித் தறியில் இருந்ததாகச் சொன்னார்கள், தறிச் சத்தம் கேட்காவிட்டால் அந்த வீட்டில் சுகமில்லையோ என்று அயலார் வந்து விசாரிப்பார்களாம். 1977க்குப் பிறகு இறக்குமதித் துணி மலிவாக வந்து இறங்கியது. எங்கள் அம்மாவுக்கு அது முதல் முறையாக நல்ல சேலை வாங்கிய வருடம், அந்த வீட்டுக்குத் தறி நின்ற வருடம். வாழைச்சேனைக்குப் போனால் காகித ஆலை, எங்கள் வயல் வைக்கோலில் நாடு கொப்பி எழுதிய காலத்தை இன்னும் பெருமையாகச் சொல்லும் பழைய தொழிலாளர்கள் இருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் அவர்களைப் பிடியுங்கள், வயது போகிறது.

சலாம் சொல்லிப் போங்கள், வயதைப் பார்த்து மூத்தம்மா, வாப்பா, காக்கா என்று கூப்பிடுங்கள். தமிழ் வீட்டில் அம்மம்மா, அண்ணன், மாமி. முறை வைத்துக் கூப்பிட்டால் கதவு திறக்கும்.

கேட்கக் கூடாதவை

1985 தொடக்கம் 2009 வரைக்கும் நடுப் பக்கம் பல வீடுகளில் வெறுமையாகவே இருக்கும். வெறுமையாக விடுங்கள். அந்தக் காலத்தில் வேலை என்பதே வேறு, உயிரோடு வீடு திரும்புவதுதான் அன்றைய சம்பளம். காணாமல் போன மகனைப் பற்றி ஒரு தாய் தானாகச் சொன்னால் கேட்டுக்கொண்டிருங்கள், பதிவை நிறுத்தவா என்று கேளுங்கள், அடுத்த கேள்விக்கு அவசரப்படாதீர்கள். எந்தக் காரணம் கொண்டும் பெயரோடு பேஸ்புக்கில் போடாதீர்கள், அவர்கள் சரி என்று தலையாட்டினாலும் போடாதீர்கள்.

சாதி, சீதனத் தொகை, யார் யாரிடம் கடன் பட்டார் என்பதும் அப்படித்தான். அவர்களாகச் சொன்னால் சரி.

இளையவர்களிடமும் கேளுங்கள்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் கதை, இளையவர்களுக்கு அறிவுரை என்று பிரித்து வைத்திருக்கிறோம். அதே கேள்விகளை அதே மரியாதையோடு இருபது வயதுக்காரரிடமும் கேட்க வேண்டும், முடிந்தால் பெரியவர் காதில் விழும் தூரத்தில் வைத்து.

மருமகனிடம் கேட்டேன். முதல் காசில் என்ன வாங்கினாய்? "இன்வேட்டர், மாமி. கரண்ட் போனா வேலை நிண்டுரும்." எப்படிக் கூப்பிடுகிறார்கள்? பெயர் சொல்லித்தான், வயது போன ஆட்களும். அது அவனுக்குப் பிடித்திருக்கிறது, எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், என்ன சமயம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, வரைந்தது நல்லாயிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள் என்றான். வெட்கப்பட்ட நாள்? பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் நிரப்பும்போது தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் நின்றது. பின்னால் நின்றவர் "வேலை இல்லையெண்டா இல்லையெண்டு எழுதுங்க தம்பி" என்றாராம்.

அந்தப் பின்னால் நின்றவரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் மாவட்டத்தில் தொழில் என்றால் இன்னும் நியமனக் கடிதம்தான். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வாரக் கணக்கில் இரவும் பகலும் இருந்தார்கள், அவர்கள் கேட்டது அரசாங்க நியமனம். வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம் வந்தது, ஒலுவிலில் வந்தது, பட்டம் கிடைத்தது, பட்டத்துக்குப் பிறகு எங்கே போவது என்பதற்கு மட்டும் அப்பா காலத்துப் பதிலே இருந்தது.

மறுகா கடைசிக் கேள்வி: உன் பிள்ளை என்ன ஆகக் கூடாது? இந்தக் கேள்வியை எல்லாத் தலைமுறையிடமும் கட்டாயம் கேளுங்கள், "என்ன ஆக வேண்டும்" என்பதைவிட இதற்குத்தான் உண்மையான பதில் வரும். அம்மப்பா, சேற்றில் கால் வைக்கக் கூடாது. அப்பா, பாஷைக்காகத் தலை குனியக் கூடாது. சித்தி, அடுத்த வீட்டு அடுப்படியில் நிற்கக் கூடாது. மருமகன் கொஞ்சம் யோசித்துவிட்டு "கியூவில நிக்கக் கூடாது" என்றான்.

2022இல் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் அடிக்க இரண்டு நாள் வரிசையில் கிடந்தவன் அவன். பிறகு பத்தரமுல்லையில் பாஸ்போட்டுக்கு ஒரு இரவு. அந்த வருடம் நாட்டை விட்டு வேலைக்குப் போனவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல், இவனும் போவதாகத்தான் இருந்தான், பிறகு மனம் வரவில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திண்ணையில் இருந்த அம்மா எழும்பி உள்ளே வந்தார்.

"நானும் நிண்டன்" என்றார். "எழுவத்துமூணுல, பாணுக்கு. விடியச்சாமம் ரெண்டு மணிக்குப் போய் இடத்துக்குக் கல்லு வச்சிட்டு வருவம். நீயும் கல்லு வச்சியா?"

"இல்ல அப்பம்மா, டோக்கன்."

"டோக்கன் களவு போகாதா?"

"போகும்."

அம்மா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கல்லைத் தள்ளி வைத்துவிட்டு முன்னுக்குப் போனவளைப் பற்றி, இன்றைக்கும் பெயர் ஞாபகம் இருக்கிறதாம், பத்து நிமிடம் சொன்னார். அவன் சிரித்துக்கொண்டு கேட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை, பதிவு ஓடிக்கொண்டிருந்தது. இப்போதும் பத்து மணிக்கு அவன் படுத்துக் கிடந்தால் அம்மா முணுமுணுக்கத்தான் செய்கிறார், ஆனால் அறைக்குப் பக்கத்தில் கோழியைக் கூப்பிடும்போது சத்தம் குறைந்திருக்கிறது.

எழுதும்போது

சொன்ன சொல்லையே எழுதுங்கள். "மறுகா" என்றால் "பிறகு" என்று திருத்தாதீர்கள், "ஒள்ளுப்பம்" என்றால் "சிறிதளவு" ஆக்காதீர்கள். பேச்சு போய்விட்டால் ஆளும் போய்விடுவார். ஆனால் உங்கள் சொந்த வரிகளைச் சாதாரணமாக எழுதுங்கள், எல்லாவற்றையும் பேச்சுத் தமிழில் எழுதினால் யார் சொன்னது எது என்று தெரியாது.

இரண்டு பேர் ஒரே விஷயத்தை வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் வையுங்கள். அம்மப்பாவுக்கு நெற்காணிச் சட்டத்தால் நன்மை கிடைத்ததா என்று கேட்டதற்கு, அம்மா கிடைத்தது என்றார், மாமா கடுதாசியில் மட்டும் கிடைத்தது என்றார். இரண்டு வரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

எழுதி முடித்ததும் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுங்கள். அப்பா "சின்ன மேசை" பகுதியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, வாங்கு அல்ல, கதிரைதான், அதுவும் ஒரு கால் ஆடியது என்று திருத்தினார். திருத்தத்தை அதே பக்கத்தில் வேறு நிற மையால் எழுதி, திகதி போட்டு வைத்தேன்.

பதிவுகளைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு பிரதி பென் டிரைவில், இன்னொன்று வேறு வீட்டில் உள்ள ஒருவரிடம். கோப்பின் பெயரில் சொன்னவரின் பெயர், ஊர், திகதி மூன்றையும் போடுங்கள். என்னுடைய முதல் பதினான்கு பதிவுகளும் வெறும் இலக்கத்தோடு கிடந்தன, அதில் ஒன்றில் ஒரு மூத்தம்மா மிக அழகாகத் தறியைப் பற்றிச் சொல்கிறார், எந்த வீடு என்று தேடி இந்த மழைக்குப் பிறகு மறுபடி மருதமுனைக்குப் போக இருக்கிறேன்.